சாய்ந்த வானம்

யார் வீட்டுக்குப் போனாலும் ஆளைப் பார்க்குமுன் கூரையைப் பார்ப்பவர் என்பதால் அவருக்கு அண்ணாந்தார் என்று பெயர் விழுந்துவிட்டது. மாமனார் வீட்டுக்கு முதன்முதலாகப் போனபோதும் அப்படித்தான். "தம்பி ஏதோ பெரிசா யோசிக்கறாரு" என்று மாமனார் மெச்சினார். தம்பி யோசித்ததெல்லாம் மூலையிலிருந்த ஈரக் கறையைப் பற்றி.

பெயின்ட் அடிப்பது தொழில். சுவரையும் கதவையும் யார் வேண்டுமானாலும் அடிக்கட்டும், கூரை மட்டும் எனக்கு என்று கழுத்தை மடக்கியே காலம் தள்ளியவர். அப்படிப்பட்ட மனிதருக்கு வலது தோள் மக்கர் பண்ணியது. கை காது மட்டம் வரை போகும். அதற்கு மேல், உள்ளே யாரோ தாழ்ப்பாள் போட்டதுபோல நின்றுவிடும்.

"தோள் உறைஞ்சு போயிருக்கு" என்றார் டாக்டர்.

"நான் பிரிட்ஜுக்குள்ள கைய விட்டுத் தூங்கலியே டாக்டர்."

டாக்டர் சிரிக்கிற ரகமில்லை. சீகுங் என்ற சீன மூச்சுப் பயிற்சிக்குப் போகச் சொன்னார். சில மாதங்கள் கழித்துத் தோளை அமுக்கிப் பார்த்து, "இளகிடுச்சே! இப்ப உறைஞ்சிருக்கறது உங்க பயந்தான்" என்றார். பயத்துக்கு எந்தத் தைலம் தேய்ப்பது என்று மட்டும் சொல்லவில்லை.

பயிற்சி நடந்தது ஊர்ப் பொதுமன்றத்தின் பெரிய கூடத்தில். முதல் நாள் உள்ளே நுழைந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். வளைந்து எழும்பி, முடிந்தது என்று நினைக்கும் இடத்தில் மனசை மாற்றிக்கொண்டு இன்னும் மேலே போன கூரை அது. பழைய வெள்ளை பொரிந்து செதில் செதிலாகத் தொங்கியது. இப்படி ஒன்றை அடித்துவிட்டால் பிறந்ததற்கு ஒரு அர்த்தம் உண்டு என்று தோன்றியது. சில மாதம் கழித்து அந்த வேலை அவருக்கே வந்தது. வந்தது என்றால், அவரோடு கூட்டாகத் தொழில் செய்யும் மச்சினனுக்கு வந்தது.

"மாமா, நீங்க கதவுகளப் பாத்துக்குங்க. கூரைக்கு வேற ஆள் சொல்லிடறேன்."

"கதவா? நானா?"

"கோவிச்சுக்காதீங்க. கை ஏறலியே, என்ன பண்ணச் சொல்றீங்க? கூரையக் கீழ எறக்கித் தரவா?"

"அளவெடுக்க என்னிக்கு வர்ற?"

"வெள்ளிக்கிழமை காலையில."

"அதுவரைக்கும் வேற ஆள்கிட்ட வாயத் தொறக்காதே."

சீகுங்கை அவர் முதலில் மதிக்கவே இல்லை. குதிப்பதில்லை, வேர்ப்பதில்லை. பஸ்ஸுக்கு நிற்பவன்கூட இதைவிட வேகமாக அசைவான். ஆனால் 'எட்டுப் பட்டுத் துண்டுகள்' என்று பெயர் வைத்த அந்த எட்டு அசைவுகளையும் மூச்சின் போக்கிலேயே விட்டுச் செய்து வந்ததில், ஒருநாள் உள்ளங்கைகளுக்கு நடுவே வெதுவெதுப்பாக ஏதோ உருண்டது. குனிந்து பார்த்தார். ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைக் கீழே போட்டுவிடுவோமோ என்று பயந்து, வீடு வரைக்கும் கையைப் பிரிக்காமலே நடந்தார்.

"என்ன, புறாக்குஞ்சா?" என்றாள் மனைவி.

"தெரியல" என்றார். பொய்யில்லை.

பயிற்சி சொல்லிக்கொடுத்த டீச்சரம்மா பிரசவத்துக்குப் போனதும், வரிசை தப்பாமல் தெரிந்தவர் என்று அவரையே முன்னால் நிறுத்திவிட்டார்கள். பின்னால் புதிது புதிதாக ஆட்கள் சேர்ந்தார்கள். முதல் அசைவு, இரண்டு கையாலும் வானத்தைத் தாங்குவது. அவருடைய வானம் மட்டும் தினமும் வலப்பக்கம் சாய்ந்தது. முன்சுவரைப் பார்த்து நிற்பவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. நாலாவது அசைவில் ஆந்தைபோலத் திரும்பிப் பார்ப்பார்தான். ஆனால் அப்போது எல்லார் கையும் கீழே இருக்கும்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. கை அதே காதில்தான் நின்றது. மச்சினன் எந்த நிமிஷமும் வருவான் என்ற படபடப்பில், மூன்றாவது அசைவை, அதாவது ஒரு கை வானத்தைத் தள்ள மறுகை தரையை அழுத்துவதை, அரைகுறையாக விட்டுவிட்டு நாலாவதுக்குத் தாவினார். திரும்பினார். கூடம் இன்னும் மூன்றாவதிலேயே இருந்தது.

அத்தனை பேருடைய வலது கையும் காது மட்டத்தில் நின்றிருந்தது.

பஸ் டிரைவரின் கை, தபால்காரரின் கை, பேக்கரி அம்மாவின் கை. ஒருவர் பாக்கியில்லை. அத்தனை தோளிலும் அவருடைய தாழ்ப்பாள்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! ஏன் எல்லாரும் பாதியில நிக்கறீங்க?"

"அதுதானே முறை?" என்றார் ரிட்டையரான கணக்கர். "வலப்பக்கம் சூடு. அத மேல விடப்படாது. எவ்வளவு யோசிச்சு வெச்சிருக்காங்க பாருங்க! நான் என் சம்பந்திக்கே சொல்லிக் குடுத்துட்டேன்."

"அய்யோ சார், அது முறை இல்ல. என் தோள்வலி!"

கணக்கரின் முகத்தில் சம்பந்தியின் முகம் வந்து போனது.

முதல் வரிசையில் பேக்கரி அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அவர் டீச்சரம்மா காலத்து ஆள்.

"உங்களுக்குத் தெரியுமேம்மா?"

"தெரியும்ண்ணே."

"பின்ன?"

"பின்னாடி நிக்கறவங்க உங்களையும் பாப்பாங்க, என்னையும் பாப்பாங்க. நான் மட்டும் முழுசாத் தூக்கினா, அண்ணன் கை சரியில்லன்னு நானே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆயிடாதா?" நகத்தில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டினார். "அதான்."

அண்ணாந்தார், "முதல்லேருந்து போகலாம். முழுசாத் தூக்குங்க. என்னப் பாக்காதீங்க" என்றார். சுவருக்கு முதுகைக் காட்டி, அவர்களைப் பார்த்து நின்றார்.

கைகள் எழுந்தன. காதைத் தாண்டின. இத்தனை நாள் பாதியில் நின்றவை என்பதால் கொஞ்சம் சந்தேகத்தோடு, அனுமதி கேட்பதுபோல எழுந்து, தலைக்கு மேலே போய், உள்ளங்கைகள் விரிந்து நின்றன. ஒரே மூச்சு உள்ளே போவது கேட்டது. பஸ் டிரைவரின் தொந்திகூட மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. இத்தனை பேர் சேர்ந்து ஒன்றுமில்லாததைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள், அது கீழே விழவும் இல்லை. அண்ணாந்தாருக்கு மயிர்க்கூச்செறிந்தது. வாசலில் அளவு நாடாவோடு வந்து நின்ற மச்சினனை அவர் கவனிக்கவில்லை.

எட்டாவது அசைவு. எல்லோரும் முன்பாதத்தில் எழும்பி, குதிகாலைத் தொப்பென்று ஒன்றாகத் தரையில் இறக்கினார்கள். கூடம் அதிர்ந்தது. மறுபடி எழும்பினார்கள், இறக்கினார்கள்.

கூரையிலிருந்து வெள்ளைச் செதில் ஒன்று கழன்றது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் நிறைய. ஜன்னல் வெயிலில் திரும்பித் திரும்பி, அவசரமே இல்லாமல், அவையும் சீகுங் செய்துகொண்டே இறங்கின.

எந்தப் பெயின்டருக்கும் உதிர்கிற செதிலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வராது. அண்ணாந்தார் கையை நீட்டிப் பிடித்தார்.

பிடித்த பிறகுதான் பார்த்தார். கை தலைக்கு மேலே இருந்தது. வலது கை. வலித்தது, ஆனால் அது பழைய கதவு திறக்கும்போது கீல் போடுகிற சத்தம் மாதிரியான வலி. விரல்களுக்கு நடுவே காகிதம்போல ஒரு துண்டு வெள்ளை. இறக்கினால் மறுபடி ஏறுமோ என்று பயந்து, அப்படியே வைத்திருந்தார்.

அவர் செய்வதைச் செய்துதானே அவர்களுக்குப் பழக்கம்? பேக்கரி அம்மா வலது கையைத் தூக்கி ஒரு செதிலைப் பிடித்தார். தபால்காரர் ஒன்று. பஸ் டிரைவர் எம்பி ஒன்று. கூடம் முழுக்க வலது கைகள் உயர்ந்து நின்றன.

"இது ஒன்பதாவதா?" என்று கணக்கர் ரகசியமாகக் கேட்டார். பேக்கரி அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்ததில் இமையெல்லாம் வெள்ளை.

வாசலில் அளவு நாடா சரசரவென்று சுருண்டு உள்ளே போகும் சத்தம் கேட்டது.

"மாமா," என்றான் மச்சினன். அவன் குரலே அவனுக்குப் பழக்கமில்லாதது மாதிரி வந்தது. "கதவுக்கு வேற ஆள் சொல்லிடறேன்."