பக்கத்து நிரைக்குப் போகும் கை

வலது முழங்கால் மறுபடியும் வலித்தது. உட்கார்ந்தாலும் வலி, நின்றாலும் வலி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த கோவில்பட்டி டாக்டர் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டார். கோளாறு இல்லாத அந்தக் காலைப் பிரேமா இழுத்து இழுத்துத்தான் நடந்துகொண்டிருந்தாள்.

அவள் சென்னையில் நடனத்தில் ஆராய்ச்சி செய்பவள். படித்து எழுதுகிற ஆராய்ச்சி இல்லை, ஆடிக் கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி. களை எடுக்கும் பெண்களின் உடம்புக்கு என்ன தெரியும் என்பதைத் தன் உடம்பில் ஏற்றிப் பார்த்து மேடையில் காட்ட வேண்டும். தீப்பெட்டி ஒட்டி வளர்த்த அம்மாவின் மகள், உழைப்புக்குப் பயந்தவள் இல்லை. ஐப்பசி மழை முடிந்ததும் கடம்பூர்ப் பக்கத்து உளுந்துப் புஞ்சை ஒன்றில் கூலிப் பெண்களோடு சேர்ந்து நிரை பிடித்தாள். ஆளுக்கு ஒரு நிரை, ஒரு செடிவரிசை. அதிலிருக்கிற களையைப் பிடுங்கிக்கொண்டே எதிர்ப்பக்க வரப்பான பொழிவரை நகர வேண்டும். கரிசல் மண் காலில் அப்பி, ஒவ்வொரு பாதமும் அம்மிக்கல்லாகிவிடும்.

வேலை உடம்பில் ஏறியது. கூடவே வேறொன்றும் ஏறியது. கல்லூரி அரங்கில் ஒத்திகை பார்க்கும்போது, பாதி நிரையில் உடம்பு தானாக ஒருக்களித்து உட்கார்ந்தது. வலது கால் மடங்காமல் நீண்டது. வலது கை தன் நிரையை விட்டுவிட்டுப் பக்கத்து நிரைக்குப் போய்ப் பிடுங்கியது. அதற்குமேல் ஆட்டம் நகரவில்லை. எத்தனை முறை ஆடினாலும் அதே இடம்தான். எடுத்து வைத்திருந்த வீடியோ எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாள். அந்தப் பெண்களில் ஒருத்தியும் அப்படி உட்காரவில்லை.

வழிகாட்டி நவநீதகிருஷ்ணன் சார் கறாராகச் சொல்லிவிட்டார். ஓர் அசைவை யாரிடமிருந்து எடுத்தாய் என்று சொல்ல முடியாவிட்டால் அது ஆராய்ச்சி இல்லை, திருட்டு. வெள்ளிக்கிழமை தேர்வாளர்கள் வருகிறார்கள். அதற்குள் ஆட்டம் முடிய வேண்டும், அல்லது அது யாருடைய அசைவு என்று தெரிய வேண்டும். இல்லையென்றால் பட்டம் இல்லை.

பிரேமா புஞ்சைக்குப் போனாள். இரண்டாம் களை நடந்துகொண்டிருந்தது. உச்சி வெயில், செடியில் ஓர் இலை அசையவில்லை.

“டான்ஸ்காரி வந்துட்டா. பாட்டப் போடுங்கட்டி, இன்னைக்குக் களை தானா கழண்டு வரும்” என்றாள் களை எடுத்துக்கொண்டிருந்த பூங்கொடி. எல்லோரும் சிரித்தார்கள்.

பிரேமா பொழியில் நின்றபடியே ஆடிக் காட்டினாள். அந்த இடம் வந்தது. ஒருக்களித்து உட்கார்ந்தாள், கால் நீண்டது, கை வலப்பக்கம் போனது. சிரிப்பு நின்றது. பூங்கொடி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

களை எடுக்கும் அந்தக் கொத்துக்குத் தலைவி கல்யாணசுந்தரிதான் பேசினாள். “ஏட்டி, இதை யாருகிட்ட படிச்ச?”

“தெரியலக்கா. அதைக் கேக்கத்தான் வந்தேன்.”

“நீ அவளைப் பாத்ததே இல்லையே. தங்கமாரி இருக்கா உனக்குள்ள.”

தங்கமாரிக்கு வலது முழங்கால் மடங்காது. ஒருக்களித்து உட்கார்ந்தே எல்லோரையும் முந்திவிடுவாள். பிடுங்கிய களையை வேர் வானத்தைப் பார்க்கத் திருப்பி வைப்பது அவள் ஒருத்திதான். ஒருத்தியின் நிரையை இன்னொருத்தி எடுத்துக் கொடுத்தால் பின்னொரு நாள் அதைத் திருப்பிச் செய்துவிட வேண்டும் என்பது அவர்களுக்குள் இருந்த முறை. கூலியில் சேராத கணக்கு. போன வருஷக் களையின்போது கல்யாணசுந்தரி வயிற்றுவலியில் உடைமரத்தடியில் படுத்துவிட்டாள். அவள் நிரையில் பாதியைத் தங்கமாரி தன் நிரையோடு சேர்த்து எடுத்தாள். மேகம் கறுத்ததும் மற்றவர்கள் மோட்டார் ரூமுக்கு ஓடினார்கள். பாதி நிரை மீதியிருந்ததால் தங்கமாரி ஓடவில்லை. இடி அவள்மேல் விழுந்தது.

அன்றிலிருந்து கல்யாணசுந்தரிக்கு இடப்பக்கம் ஒரு நிரையைத் தங்கமாரியின் நிரை என்று சும்மா விட்டார்கள். கடைசியில் கொத்து மொத்தமும் சேர்ந்து அதை எடுக்கும், தனியாக யாரும் இறங்குவதில்லை. முதல் நாள் வந்த பிரேமா, யார் வேலைக்கும் இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று, ஆளில்லாத நிரையாகப் பார்த்து இறங்கினாள். விருந்தாளியிடம் எப்படிச் சொல்வது என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

“அவ கால் வலிய நீ ஏன் சுமக்கணும்? அவ எடுத்துக் குடுத்த பாதி நிரையை நான் திருப்பிருதேன்” என்றாள் கல்யாணசுந்தரி.

பிரேமாவை அதே நிரையில் நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு கூடவே வரச் சொன்னாள். தான் வலப்பக்க நிரையில் குந்தி, இடப்பக்கம் சாய்ந்து, தங்கமாரியின் நிரையிலேயே பிடுங்கிக்கொண்டு போனாள். தன் நிரையைத் தொடவில்லை. தலையும் நிமிரவில்லை. பாதி வந்ததும், தீர்ந்தது என்று சொல்லி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து திரும்பிப் பார்த்தாள்.

தங்கமாரியின் நிரை பாதிவரை சுத்தமாக இருந்தது. கல்யாணசுந்தரியின் நிரையும் பாதிவரை சுத்தமாக இருந்தது. அதில் கிடந்த களையெல்லாம் வேர் வானத்தைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தது.

பிரேமா கட்டியிருந்த கையைப் பிரித்தாள். வலது கை நகங்களுக்குள் கரிசல் மண் ஈரமாக இருந்தது. குனிந்ததாக அவளுக்கு நினைவில்லை. பின்னால் வந்த பூங்கொடியிடம் கேட்டாள். நான் உன்னைப் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது என்று பூங்கொடி சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பிரேமா அந்த அசைவை வெட்டவில்லை. பாதி நிரையில் உட்கார்ந்தாள், கை மேடைப் பலகைமேல் வலப்பக்கம் போனது, ஆட்டம் அங்கேயே நின்றது. இவ்வளவுதான் என் உடம்புக்கு வந்தது என்று தேர்வாளர்களிடம் சொன்னாள். யாருடைய அசைவு என்று கேட்டார்கள். பெயரைச் சொன்னாள். அவரிடம் அனுமதி வாங்கியாயிற்றா என்று ஒருவர் கேட்டார். பிரேமா முன்வரிசையைப் பார்த்தாள்.

அங்கே, அவள் கூட்டி வந்திருந்த கல்யாணசுந்தரி தன் வலது முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கணக்கு தெரியும். தங்கமாரிக்கு அவள் பட்டிருந்த கடன் அரை நிரை. திருப்பிய அன்றே தங்கமாரி மறுபடியும் அரை நிரை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அந்த அரை நிரை இன்னும் பாக்கி.