ஈரச் சட்டையும் இருநூறு கல்லும்

என் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். அவருடைய சீருடைச் சட்டை ஒரு வாரமாகச் சரியாகக் காயவில்லை. துணி காய வேண்டிய பால்கனியில் என் கற்கள் இருக்கின்றன.

"பஸ்ஸுல ஏறினதும் பிள்ளைங்க மூக்கைப் பிடிச்சுக்குதுங்க," என்று வெள்ளிக்கிழமை மாலை சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஒரு கை பார்த்திருப்பேன். பாவமாகச் சொன்னார். அதுதான் எனக்கு எரிச்சல்.

நான் பல் செட் செய்கிறவள். ஆறு நாள் ஊரார் பற்களோடு மல்லுக்கட்டிவிட்டு, ஏழாம் நாள் ஆற்றங்கரையில் கல் பொறுக்குகிறேன். எல்லாக் கல்லும் இல்லை, ஜேடு. வளையலிலும் பதக்கத்திலும் பார்க்கிறோமே, அந்தப் பச்சைக் கல். எங்கள் ஆற்றில் அது கிடைக்கும் என்று கல் பொறுக்குவோர் சங்கத்தில் எல்லோரும் சத்தியம் செய்கிறார்கள். மூன்று வருடத்தில் நான் கொண்டுவந்தவை இருநூற்றுப் பதினொன்று. அத்தனையும் பச்சை. தண்ணீருக்குள் கிடக்கும்போது ஒவ்வொன்றும் ராணி மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்து காய்ந்ததும் துணி சோப்பு மாதிரி ஆகிவிடும். அதனால் தினமும் தண்ணீர் தெளிப்பேன். பால்கனி காயாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதை நான் அவரிடம் சொன்னதில்லை.

"ஒரு முடிவுக்கு வருவோம்," என்றார். "ஞாயித்துக்கிழமை உங்க சங்கத்து அண்ணனைக் கூப்பிடு. நீ பொறுக்கினதுல ஒண்ணே ஒண்ணு ஜேடா இருந்தாலும் பால்கனி உனக்கு. நான் சட்டை மேல சென்ட் அடிச்சுக்கிட்டுப் போறேன். ஒண்ணுகூட இல்லன்னா எல்லாத்தையும் பார்க்கிங் பள்ளத்துல கொட்டிடணும்."

அந்தப் பள்ளத்தில் மழைக்கு மழை குளம் கட்டும். வாட்ச்மேன் ஒரு வருடமாகவே என் கற்கள்மேல் கண் வைத்திருந்தார்.

"சரி," என்றேன். வாய்தான் சொன்னது. அந்தக் கற்கள் போய்விட்டால் எனக்கென்று இந்த வீட்டில் இருப்பது அடுத்தவர் பல்தான்.

ஞாயிறு காலை அண்ணன் வந்தார். பூட்டு ரிப்பேர் செய்கிறவர். சங்கத்தில் அவருக்குக் கீறல் அண்ணன் என்று பெயர். எந்தக் கல்லைக் காட்டினாலும் சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்து ஒரு கீறு கீறுவார். கல் கீறல் வாங்கினால் அது ஜேடு இல்லை. ஜேடிடம் கத்திதான் தோற்கும். கத்தியின் இரும்பு கல்மேல் பென்சில் கோடு போல ஒட்டிக்கொள்ளும். மனிதர் விருந்துக்குப் போன வீட்டிலும் தரையைக் கீறிப் பார்ப்பார் என்று பேச்சு. என்னை அவர் தங்கச்சி என்பதால் என் கணவர் அவருக்கு மாப்பிள்ளை.

சாப்பாட்டு மேசையில் என் பல் வேலைத் தராசை வைத்தேன். பக்கத்தில் தண்ணீர்ப் பாத்திரம், நூல். கல்லை முதலில் சும்மா நிறுக்க வேண்டும். பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுக்க வேண்டும். எடை எவ்வளவு குறைகிறதோ அதால் முதல் எடையை வகுத்தால், ஜேடுக்கு மூன்றை ஒட்டி வரும். இருநூற்றுப் பதினொன்றில் அருமையான பன்னிரண்டைப் பொறுக்கி வரிசையாக அடுக்கியிருந்தேன்.

அண்ணன் முதல் கல்லை மூக்கருகே கொண்டுபோனார். "என்ன தங்கச்சி, எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டினியா?"

"தூசி துடைச்சேண்ணே."

"பேபி ஆயில் வாசனை வருதே."

கீறினார். வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. இரண்டாவதிலும் விழுந்தது, மூன்றாவதிலும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஒவ்வொரு கோடும் என் மேலேயே விழுந்த மாதிரி இருந்தது. என் கணவர் சந்தோஷப்படுவார் என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். அந்த மனுஷனோ எட்டாவது கல்லில், "அண்ணே, அதைக் கொஞ்சம் மெதுவாக் கீறுங்க," என்றார்.

பன்னிரண்டாவது, நான் மகாராணி என்று பெயர் வைத்திருந்த கல். கத்தி வழுக்கியது. கோடு விழவில்லை! நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். அண்ணன் அதை நிறுத்து, தண்ணீரில் தொங்கவிட்டு, தாளில் வகுத்தார். இரண்டே முக்காலைக்கூட எட்டவில்லை.

"இது குவார்ட்ஸ்ங்கிற கல்லும்மா. அதுவும் கத்திக்கு மசியாது. ஆனா ஜேடு இல்ல."

"தராசு தப்பு," என்றேன். அது என் தராசு. ஊரில் பாதிப் பேர் அதை நம்பித்தான் மெல்லுகிறார்கள்.

"சரி, உன் மனசாறுதலுக்கு ஒரு தட்டு தட்டிப் பார்ப்போம். சுத்தியல் கொண்டா."

கொண்டுவந்தேன். பிடி முறிந்து, டேப் சுற்றிய சுத்தியல். அண்ணன் அதைத் திருப்பிப் பார்த்தார். "இது எப்படி ஆச்சு?"

என் கணவருக்கு அந்தக் கதை சொல்ல ரொம்பப் பிடிக்கும். "வாஷிங் மெஷினுக்கு ஒரு கால் குட்டைண்ணே. முட்டுக் கொடுக்க வீட்டுல ஒரு கல்லு கிடந்துச்சு, கொஞ்சம் உயரம் அதிகம். உடைச்சுச் சின்னதாக்குறேன்னு இவ அரை மணி நேரம் அடிச்சா. கல்லு உடையல, சுத்தியல் உடைஞ்சுது. கடைசியில கல்லை முழுசா வச்சு, மத்த மூணு காலுக்கும் பலகை வச்சோம்."

அண்ணனின் டீ கோப்பை பாதி வழியில் நின்றது.

"கல்லு உடையல," என்றார் நிதானமாக. "சுத்தியல் உடைஞ்சுது."

அப்போதுதான் எனக்கே காதில் விழுந்தது. ஜேடு அடித்தால் லேசில் உடையாது என்று சங்கத்தில் சேரும் ஒவ்வொருவருக்கும் மூன்று வருடமாகப் பாடம் எடுக்கிறவள் நான். அதே கையால் அரை மணி நேரம் அடித்துவிட்டு, "சனியன் பிடிச்ச கல்லு" என்று திட்டி, வாஷிங் மெஷினுக்கு அடியில் தள்ளியிருக்கிறேன். ஆற்றங்கரையில்தான் எனக்குக் கண்; வீட்டில் வெறும் கோபம்.

மூவரும் குளியலறைக்கு ஓடினோம். என் கணவர் மெஷினைச் சாய்த்துப் பிடித்தார். நான் கையை விட்டு இழுத்தேன். உள்ளங்கை அளவு, தட்டை, மண் நிறம். அண்ணன் கீறினார். பென்சில் கோடு. டார்ச் அடித்தார். என் சுத்தியல் பட்டுத் தோல் பெயர்ந்திருந்த விளிம்பில் பச்சையாக வெளிச்சம் பரவியது. நான் ஓடிப்போய்த் தராசையும் பாத்திரத்தையும் அங்கேயே கொண்டுவந்தேன். நிறுத்தார், தொங்கவிட்டார், வகுத்தார். மூன்றுக்கு மயிரிழை குறைவு.

"கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கியே தங்கச்சி!"

"பால்கனி எனக்கு!" என்று கத்தினேன்.

கத்தி முடிப்பதற்குள் நினைவு வந்தது. நான் பொறுக்கியதில் ஒன்று என்பதுதான் பந்தயம். இது அவர் பொறுக்கியது. முதல் தடவை ஆற்றுக்குப் போனபோது அவரும் வந்திருந்தார். பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரிலிருந்து இந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது எப்படி?" என்றார். "இது உருளைக்கிழங்குங்க!" என்றேன். சங்கமே சிரித்தது. "கதவுக்கு முட்டுக் கொடுக்க எடுத்தேன்," என்றார் அவர். அதற்குப் பிறகு அவர் ஆற்றுப் பக்கமே வரவில்லை. அவருக்கு இதிலெல்லாம் ஈடுபாடு இல்லை என்று நான்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நான் தோத்துட்டேன்," என்றேன். "இது உங்க கல்லு. கதவுக்குன்னு நீங்க எடுத்தது."

அவர் மெஷினை மெல்ல இறக்கி வைத்தார். "நம்ம வீட்டுல எல்லாமே பக்கவாட்டுல தள்ளுற கதவு. அதுக்கு எதுக்கு முட்டு?"

நான் கல்லைத் திருப்பிப் பார்த்தேன்.

"உனக்குக் குடுக்கத்தான் எடுத்தேன். நீ சிரிச்சியா, கதவுன்னு சொல்லிட்டேன்."

அண்ணன் கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, டீ ஆறுகிறது என்று கூடத்துக்குப் போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. பந்தயத்தில் தோற்றதற்காக இல்லை.

மாலைக்குள் பக்கெட் பக்கெட்டாகக் கீழே இறக்கினோம். வாட்ச்மேன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. மகாராணியை மட்டும் என் கணவர் எடுத்து வைத்தார். அது வாஷிங் மெஷின் காலுக்குக் கச்சிதமாக, பலகையே தேவையில்லாமல், பொருந்தியது. பால்கனியில் எட்டுச் சட்டைகள் காய்ந்தன.

அடுத்த ஞாயிறு இரண்டு பை எடுத்தேன். ஆற்றங்கரையில் அவர் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, கொஞ்ச நேரத்தில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மண் நிறம், அங்கங்கே குழி. அசல் உருளைக்கிழங்கு.

"இது எப்படி?"

தொண்டைவரை வந்த சிரிப்பை விழுங்கிவிட்டு, டேப் சுற்றிய சுத்தியலை அவர் கையில் கொடுத்தேன்.