கோபுரமும் பிளந்த பாப்ளரும்

"நீயா இருந்தா எங்க வீசுவே?"

ஆகோஷ் அப்படிக் கேட்டபோது இல்கா படகில் தேங்கிய மழைத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தாள். தனக்குப் பின்னால் நிற்கும் யாரையோ கேட்கிறான் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஏரிதான் இருந்தது.

நாதாஷ் ஏரிக்கு மீன் பிடிக்க வருகிறவர்களுக்கு ஆயிரம் கேள்விகள் உண்டு. அவற்றை அவள் அப்பா வெண்டெலிடம் கேட்பார்கள். மீன்பிடிச் சங்கத்தின் ஏரிக் காவலர் அவர். அவர் இல்லாவிட்டால் படகுக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் கெரோ மாமாவிடம் கேட்பார்கள். அவரும் இல்லாவிட்டால் கொட்டகை வாசலில் படுத்திருக்கும் நாயிடம் கேட்டாலும் கேட்பார்கள், இல்காவிடம் கேட்கமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வாய்மொழித் தேர்வன்று ஆசிரியர்கள் முன்னால் நின்று, தெரிந்த பதிலைச் சொல்ல முடியாமல், கழுத்திலிருந்து காது நுனிவரை சிவந்து, அப்படியே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவள் அவள். அதன்பிறகு பள்ளிக்கூடம் இருக்கும் தெருவில்கூட அவள் நடப்பதில்லை.

ஆகோஷ் புடாபெஸ்ட்டிலிருந்து வந்திருந்தான். மே தினத்தன்று நடக்கும் போட்டிக்கு முன்பே ஏரியை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று வந்தவன். அவன் திறந்து வைத்திருந்த தூண்டில் இரைப் பெட்டியைப் பார்த்தால் வளையல் கடைபோல இருந்தது. தகரக் கரண்டிகள், சுழலும் தகடுகள், கண் வைத்த மரமீன்கள், வால் ஆட்டும் ரப்பர் மீன்கள்.

"அப்பா வீட்ல இல்லைங்க" என்று இல்கா முணுமுணுத்தாள்.

"உங்கப்பாவை நான் கேக்கலையே. இந்தத் தண்ணியிலயே கிடக்கறவ நீதானே. உன்னைத்தான் கேக்கறேன்."

அவள் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியருகே குனிந்தாள். பளபளத்தவற்றை எல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

"இதெல்லாம் கோடைக்கு. இப்போ தண்ணி குளிரா இருக்கு, மீன் துரத்தாது. இந்த மாதிரி மங்கலா, பழுப்பா ஒண்ணு. தரையை ஒட்டி மெதுவா இழுக்கணும். நிறுத்தி, நிறுத்தி."

"எங்க?"

"வடகரையில. நாணல் முன்னாடி. வெயில் அங்கதான் முதல்ல விழும், குஞ்சு மீன் எல்லாம் அங்க வந்துடும். பெருசு பின்னாடியே வரும்."

"அங்கதான் போட்டிக்கு வர்ற அத்தனை பேரும் நிப்பாங்க. புத்தகத்துல இருக்கறதைச் சொல்றே. நீயா இருந்தா எங்க போவே?"

தன் கழுத்து சிவக்கவில்லை என்பதை இல்கா அப்போதுதான் கவனித்தாள். வாயிலிருந்து வார்த்தைகள் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தன. தன் குரலைத் தானே கேட்பது அவளுக்கு யாரோ இனிப்பு ஊட்டுவது போல இருந்தது. அந்த ருசியில் சொல்லிவிட்டாள்.

"படகுல இருந்து பாத்தா தேவாலயக் கோபுரம், பிளந்த பாப்ளர் மரத்துக்கு நடுவுல வரணும். பம்ப் வீட்டுப் புகைபோக்கி அணைப் படிக்கு நேரா வரணும். ரெண்டும் சேர்ற இடத்துல பெரிய ஷுல்லோ மீன் இருக்கு."

சொன்ன மறுகணமே என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. அந்த இடத்தில் இருந்தது ஒரு கூடு.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஊரார் வாசலில் தூக்கிப் போடும் மரங்களின் கிளைகளைச் சங்கத்தார் சேர்த்து வைப்பார்கள். வசந்தம் வந்ததும் அவற்றைக் கம்பி வளையத்தில் கட்டி, கல்லைக் கோத்து, ஏரிக்குள் இறக்குவார்கள். ஷுல்லோ மீன் அதில் முட்டையிடும். பெண் மீன் போய்விடும். ஆண் மீன் மட்டும் குஞ்சு பொரியும்வரை வாலை விசிறிக்கொண்டு அங்கேயே கிடக்கும். ஒன்றும் தின்னாது. எது பக்கத்தில் வந்தாலும் கவ்வி அப்புறப்படுத்தப் பார்க்கும். அதனால் அதைப் பிடிக்கத் திறமை எதுவும் வேண்டாம், கூடு இருக்கும் இடம் தெரிந்தால் போதும். முட்டை விழுந்ததும் அடையாளத்துக்கு மிதக்கவிட்ட பிளாஸ்டிக் புட்டியைக்கூட எடுத்துவிடுவது அதற்காகத்தான். ஏப்ரலோடு ஷுல்லோ பிடிக்கும் தடை முடியும் என்று சட்டம் சொன்னாலும், குளிர் நீண்டு முட்டை பொரியத் தாமதமாகும் வருஷத்தில் கூட்டின்மேல் தூண்டில் போட அந்தக் கரையில் பிறந்த யாருக்கும் கை வராது.

இந்த வருஷம் குளிர் நீண்டிருந்தது. அந்தக் கூட்டை இறக்கியது மூன்று பேர். அப்பா துடுப்புப் போட்டார், கெரோ மாமா கிளைக்கட்டை இறக்கினார், கோபுரத்தையும் மரத்தையும் நேர் பார்த்துச் சொன்னது இல்கா.

'குஞ்சு வெளியே வரும்வரை அந்தப் பக்கம் போகாதீங்க' என்று அவள் ஆகோஷிடம் சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் முன்பு சொன்னது தப்பு என்றாகிவிடும். அவன் அப்போது அவளைப் பார்த்துக்கொண்டிருந்த பார்வை மாறிவிடும். பேசாமல் மறுபடி தண்ணீர் இறைக்கத் தொடங்கினாள். நகரத்துக்காரன், படகை நேர் பிடித்து நிறுத்தவா போகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

மாலையில் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பிய கெரோ மாமா சைக்கிளைச் சாய்த்துவிட்டு வழக்கம்போல் கேட்டார்: "என்ன வாயாடி, இன்னிக்கும் ஏரியே அதிரப் பேசினியா?"

அவள் ஒரு வார்த்தை பேசாததால் அவர் வைத்த பெயர் அது. அன்று அவளால் சிரிக்க முடியவில்லை.

மே தினத்தன்று கரை முழுக்கப் பூண்டு வாசனை. லாங்கோஷ் ரொட்டி சுடுகிற எண்ணெய்ச் சட்டியின் முன் நீள வரிசை. காலையிலேயே குடித்திருந்தவர்கள் அக்கார்டியன்காரனை விரட்டிப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். நண்பகல் மணி அடித்ததும் படகுகள் திரும்பின. எல்லோரிடமும் கையளவு மீன்கள். ஆகோஷ் மட்டும் வலையை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு வந்தான்.

மேடையில் அவன் மீனை உயர்த்திக் காட்டியபோது முதலில் கைதட்டல் எழுந்தது. பிறகு முன்வரிசைப் பெரியவர்களின் கைகள் ஒவ்வொன்றாக நின்றன. மீனின் உடம்பு கரி பூசியதுபோலக் கறுத்திருந்தது. வால் ஓரம் விசிறி விசிறிக் கிழிந்திருந்தது.

"அடப்பாவி, கூட்டுக் காவல்காரன்டா அது!" என்று யாரோ கத்தினார்கள்.

ஆகோஷ் திகைத்தான். "தடைதான் நேத்தோட முடிஞ்சிருச்சே?"

"சட்டப்படி சரிதான் தம்பி" என்றார் சங்கத் தலைவர் வேண்டாவெறுப்பாக. மைக்கை அவன் முன் நீட்டினார். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அந்தக் கூட்டத்தின் கோபம் பொறாமை என்று நினைத்துவிட்டான் போல. சிரித்துக்கொண்டே சொன்னான்: "இந்தப் பழுப்பு ரப்பர் மீன்தான் காரணம். அப்புறம், கோபுரத்தை, பிளந்த பாப்ளருக்கு நடுவுல வைன்னு ஒருத்தர் சொன்னாங்க. யாருன்னு மட்டும் கேக்காதீங்க, சொல்லமாட்டேன்."

இல்கா கூட்டத்தின் ஓரத்தில் லாங்கோஷைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்தக் காவல் மீனின் முன்னால் செருப்பை இழுத்திருந்தாலும் கவ்வியிருக்கும். அவள் தேர்ந்தெடுத்த இரைக்கு அதில் ஒரு பெருமையும் இல்லை. அது வேறு அவளைச் சுட்டது.

அப்பா மெதுவாகக் கெரோ மாமா பக்கம் திரும்பினார்.

"நம்ம மூணு பேரைத் தவிர அந்தக் குறி யாருக்குடா தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்போ?"

"அப்போன்னா? என்னையா கேக்கறே?" கெரோ மாமா சிரிக்கப் பார்த்தார். "டேய் வெண்டெல், வெயில் தலைக்கு ஏறிடுச்சா?"

"நேத்து சாயந்தரம் மதுக்கடையில அந்த நகரத்துக்காரங்களோட உக்காந்து குடிச்சியா இல்லையா?"

"குடிச்சேன். ஊரே குடிச்சுது. நீயுந்தான் குடிச்சே."

"பொண்ணையும் ஒரு வார்த்தை கேட்டுடு வெண்டெல், மூணு பேர்ல அவளும் ஒருத்திதானே" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான்.

"அவளா? பள்ளிக்கூடத்து வாத்தியாருங்களே அவ வாயைத் திறக்க முடியாம விட்டுட்டாங்க" என்றான் இன்னொருவன். கூட்டம் சிரித்தது. அப்பாவும் அரைச் சிரிப்பாகச் சிரித்தார். சொல்லியிருப்பாளோ என்கிற சந்தேகம் யாருக்கும் ஒரு நொடிகூட வரவில்லை.

கெரோ மாமா மட்டும் சிரிக்கவில்லை. "நல்ல யோசனைதான். கொட்டகையில காலையிலேர்ந்து ராத்திரி வரை இருக்கறவ அவதான். இல்கா, நீ சொல்லும்மா. இந்தப் பையன் வந்தப்போ நான் இங்க இருந்தேனா? இவன்கிட்ட ஒரு வார்த்தை பேசினேனா?"

அத்தனை முகங்களும் அவள் பக்கம் திரும்பின. அக்கார்டியன்கூட நின்றுவிட்டது. கழுத்தில் சூடு ஏறுவதை இல்கா உணர்ந்தாள். தேர்வு அறையின் நீள மேசையும் மேசையின்மேல் இருந்த தண்ணீர்க் குவளையும் கண்முன் வந்தன.

மேடையில் ஆகோஷுக்கு இப்போதுதான் விஷயம் புரிந்தது. அவன் அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். இல்கா தலையை அசைத்தாள். மிகச் சிறிய அசைவு. வேண்டாம் என்று. அவன் வாயை மூடிக்கொண்டான்.

அதுவரை நடந்ததை அச்சம் என்று சொல்லலாம், கூச்சம் என்று சொல்லலாம். அந்தத் தலையசைப்புக்கு மட்டும் பின்னாளில் அவளால் துரோகம் என்பதைத் தவிர வேறு பெயர் வைக்க முடியவில்லை.

"பாவம், காட்டிக்குடுக்கவும் முடியாம முழிக்குது புள்ள" என்றாள் லாங்கோஷ்காரி.

கெரோ மாமா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தத் தலையசைப்பை அவர் பார்த்தாரா என்பது அவளுக்குத் தெரியவில்லை.

"கொட்டகைச் சாவியைக் குடு" என்றார் அப்பா.

"வெண்டெல்."

"குடுடா. என் முன்னாடி நிக்காதே."

கெரோ மாமா சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றப் பார்த்தார். வளையம் பிரியவில்லை. கடைசியில் கொத்தையே அப்பாவின் கையில் வைத்துவிட்டு, கூட்டம் விட்ட வழியில் நடந்துபோனார். அவருடைய வீட்டுச் சாவியும் அந்தக் கொத்தில்தான் இருந்தது.

மீனைத் தண்ணீரில் விட்டார்கள். அது கொஞ்ச நேரம் ஒருக்களித்துக் கிடந்து, பிறகு கலங்கலுக்குள் போனது.

மறுநாள் விடிந்ததும் அப்பா படகை எடுத்தார். இல்கா முன்பக்கம் உட்கார்ந்தாள். கோபுரம், பிளந்த பாப்ளருக்கு நடுவில் வந்தது. புகைபோக்கி அணைப் படிக்கு நேரே வந்தது. அப்பா கொக்கியை இறக்கிக் கிளைக்கட்டை மெல்லத் தூக்கினார். அது தண்ணீருக்கு மேலே வரும்போதே அதிலிருந்து முட்டை தின்ன வந்த விரல் நீளப் பொடி மீன்கள் சிதறி ஓடின. மணல் ஒட்டியதுபோல முட்டைகள் மூடியிருக்க வேண்டிய ஊசியிலைகள் வெறுமையாக இருந்தன. ஓரிரு இடத்தில் பூஞ்சை பிடித்த வெள்ளைப் புள்ளிகள். அவ்வளவுதான்.

"கெரோ காலியாக்கிட்டான்" என்றார் அப்பா. "என் கல்யாணத்துக்கு மோதிரத்தைப் பையில வச்சுக் கொண்டுவந்தவன். ஒரு குவளை சாராயத்துக்கு வித்துட்டான்."

"நான்தான்ப்பா."

"என்ன நீதான்?"

"நான்தான் சொன்னேன். அந்தப் பையன்கிட்ட."

அப்பாவுக்கு அது உடனே ஏறவில்லை. "நீ எங்க போய் யார்கிட்ட பேசினே?" என்று எரிச்சலோடு கேட்டார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். கொக்கி கையிலிருந்து நழுவியது. கிளைக்கட்டு குமிழி விட்டுக்கொண்டு அடிக்குப் போனது.

"அவன் கேட்டான்ப்பா. என்னைக் கேட்டான்" என்றாள். அதைவிட நல்ல காரணம் அவளிடம் இல்லை. வாய்விட்டுச் சொன்னதும் அது எத்தனை அற்பமாக ஒலிக்கிறது என்று அவளுக்கே கூசியது.

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படகைக் கரைக்குத் திருப்பினார். இறங்கியதும் சாவிக்கொத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "வா" என்றார்.

கெரோ மாமா வீட்டு முற்றத்தில் கோழிகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார். வீட்டின் பக்கவாட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்திருந்தது. சாவி இல்லாமல் இரவு அந்த வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறார். வேலிக் கதவருகே வந்து நின்றவர்களைப் பார்த்தும் அவர் நிமிரவில்லை.

அப்பா தொப்பியைக் கழற்றினார். தொண்டையைச் செருமினார். வார்த்தை வரவில்லை. தன் நோய் தன் அப்பாவுக்கும் உண்டு என்று அன்றுதான் இல்கா பார்த்தாள்.

"சொல்லு" என்றார் அவளிடம்.

அவள் சொன்னாள். பெட்டியைத் திறந்து காட்டியதிலிருந்து ஆரம்பித்தாள். எந்த இரையை எடுத்துக் கொடுத்தாள், வடகரை என்று சொன்னவள் எப்படி மேலே போனாள், கூடு என்று தெரிந்தும் ஏன் தடுக்கவில்லை, எல்லாம் சொன்னாள். மேடையைப் பார்த்துத் தலையசைத்ததையும் விடவில்லை. கழுத்து எரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. வாழ்நாளில் அவ்வளவு நீளமாக அவள் யாரிடமும் பேசியதில்லை.

"நேத்து நீங்க கேட்டப்போ சொல்லியிருக்கணும் மாமா. சொல்லலை."

அப்பா சாவிக்கொத்தை வேலிக்கு மேலாக நீட்டினார். "கெரோ, நான் நேத்து..." என்று தொடங்கினார். நீட்டிய கை அப்படியே இருந்தது.

கெரோ மாமா கடைசிப் பிடித் தீனியையும் தூவினார். கிண்ணத்தைத் தட்டி உதறி, படியில் கவிழ்த்து வைத்தார். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து, சாவிக்கொத்தை வாங்கினார். வீட்டுச் சாவியைக் கழற்றி எடுத்துக்கொண்டார். இப்போது வளையம் உடனே பிரிந்தது. கொட்டகைச் சாவி இருந்த வளையத்தை வேலிக் கம்பத்தின் முனையில் மாட்டினார்.

இல்கா காத்திருந்தாள். 'என்ன வாயாடி' என்று ஏளனமாகச் சொன்னாலும் போதும் என்றிருந்தது அவளுக்கு.

அவர் சுவரோரம் நின்ற சைக்கிளை எடுத்தார். கதவைத் திறந்து, இருவருக்கும் நடுவே அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, கோழிகள் வந்துவிடாமல் கதவைச் சாத்தினார். பிறகு ஏறி உட்கார்ந்து, ஏரிக்குப் போகும் பாதையை விட்டுவிட்டு, சாலைப் பக்கம் மிதித்துக்கொண்டு போய்விட்டார்.