மூன்று பவுண்டுக் கையெழுத்து

என் வீட்டுக்காரன் ட்ரெவரின் முழங்காலைக் கெடுத்தது மீன் ஃபாக்டரியின் ஈரத் தரை. அந்தத் தரையில் அறுபத்தைந்து வயதிலும் அவனை நிற்க வைத்தது நான். இதை யாரிடமும் சொன்னதில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர் கிரிம்ஸ்பியில், அவனுடைய ஃபாக்டரியில் ஆளுக்கொரு காகிதம் கொடுத்தார்கள். இனி பென்ஷனுக்காகச் சம்பளத்தில் பிடிப்போம், முதலாளியும் கொஞ்சம் போடுவார், வேண்டாதவர்கள் எழுதிக் கொடுத்து விலகலாம் என்று. வாரத்துக்கு மூன்று பவுண்டு. என் அப்பா வேலை பார்த்த கம்பெனி திவாலானபோது அவருடைய பென்ஷனில் பாதி போய்விட்டது. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு. "மூணு பவுண்டுக்கு வெள்ளிக்கிழமை சிப்ஸாவது வாங்கித் திங்கலாம், போடு கையெழுத்த" என்று பேனாவை அவன் கையில் திணித்தேன். போட்டான். என் பேச்சை அவன் என்றைக்குத் தட்டினான்?

இப்போது வேலை முடிந்து வந்தால் மாடிப்படியை உட்கார்ந்தபடியேதான் ஏறுகிறான். ஆபரேஷனுக்கு இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். அரசாங்கப் பென்ஷன் வர பதினாறு மாதம் இருக்கிறது. பள்ளிக்கூடச் சமையலறையில் எனக்குக் கிடைப்பது வாடகைக்கே சரியாகப் போய்விடும். அந்தப் பதினாறு மாதத்தை அவன் நின்றுதான் தீர்க்க வேண்டும். "நீதானே கையெழுத்துப் போடச் சொன்ன" என்று ஒரு தடவையாவது குத்திக்காட்டியிருந்தால், நானும் பதிலுக்கு நாலு கத்து கத்திவிட்டு ஆறியிருப்பேன். பாவி, சொல்லவே இல்லை.

செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் நூலகத்தில் ஜோசெலின் என்று ஒருத்தி உட்கார்ந்து, பென்ஷன் விஷயமாக இலவசமாக ஆலோசனை சொல்வாள். அவனை இழுத்துக்கொண்டு போனேன்.

"வீண் அலைச்சல், லினெட்," என்று வழிநெடுகப் புலம்பினான். "பென்ஷன்னு ஒண்ணு இருந்தாத்தானே சொல்லுவா? அங்க போயி வேற அசிங்கப்படணுமா?"

"வாய மூடிட்டு கைத்தடிய ஊனி நட, கெழவா."

எங்கள் கதையைக் கேட்டுவிட்டு ஜோசெலின் கடைசி மாதச் சம்பளச் சீட்டைக் கேட்டாள். ஃபாக்டரி ஆபீஸில் அச்செடுத்துக் கொடுத்த உறையை ட்ரெவர் பிரிக்காமலே நீட்டினான். சீட்டு போனுக்கு வர ஆரம்பித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் அதை யாரும் பார்த்ததில்லை. ஓவர்டைம் மாதத்துக்கு ஒரு மாதிரி வரும். வங்கியில் விழுந்ததுதான் சம்பளம்.

அவள் சீட்டைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "பென்ஷன் வேண்டாம்னு எழுதிக் குடுத்ததா சொன்னீங்களே?"

"ஆமா. பன்னெண்டு வருஷமாச்சு."

"அதுக்கப்புறம் மறுபடி எழுதிக் குடுத்தீங்களா?"

"எதுக்கு? ஒரு தடவ சொன்னா போதாதா?"

"போதாது. மூணு வருஷத்துக்கு ஒரு தடவ அவங்களே உங்களத் திரும்பச் சேத்துடுவாங்க. சேத்துட்டோம்னு கடுதாசி குடுப்பாங்க. வேண்டாம்னா ஒரு மாசத்துக்குள்ள மறுபடி சொல்லணும். நீங்க சொல்லல போல. இதோ, பிடிச்சிருக்காங்க பாருங்க."

ட்ரெவர் முகம் ஜிவ்வென்று சிவந்தது. "என்னக் கேக்காமலா? இத்தன வருஷமா என் காசப் பிடிச்சிருக்கானுங்களா? திருட்டுப் பசங்க!"

"ட்ரெவர், கொஞ்சம் சும்மா இரேன்!" நான் போட்ட சத்தத்தில் நூலகமே திரும்பிப் பார்த்தது.

சீட்டில் இருந்த பென்ஷன் கம்பெனிக்கு அங்கிருந்தே போன் போட்டோம். இருபது நிமிஷம் ஏதோ பியானோ வாசித்தார்கள். கடைசியில் ஒரு பையன் பேசி, பிறந்த தேதி, முகவரி எல்லாம் கேட்டுவிட்டுத் தொகையைச் சொன்னான். பதினாறாயிரத்து நானூறு பவுண்டு. முதலாளி போட்டது, வளர்ந்தது, எல்லாம் சேர்த்து.

ஜோசெலின் கணக்குப் போட்டாள். "மாசம் ஆயிரம் எடுத்தாலும் அரசாங்கப் பென்ஷன் வர்ற வரைக்கும் தாங்கும். வரி கொஞ்சம் போகும். அதுக்கப்புறமும் பாத்துப் பாத்துத்தான் செலவு பண்ணணும், ராஜா மாதிரியெல்லாம் இருக்க முடியாது."

"ராஜா கெடக்கட்டும்," என்றான் ட்ரெவர். "நான் வேலைய நிறுத்திக்கலாமா?"

"தாராளமா நிறுத்திக்கலாம்."

அப்பாடா! நான் அங்கேயே மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன?

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"அந்தக் கடுதாசியெல்லாம் என்ன பண்ணின?" என்று கேட்டேன்.

"ஃபாக்டரியில உடுப்பு வைக்கிற அலமாரிக்குள்ள கெடக்கும். பிரிக்கவே இல்ல."

"வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தா மறுபடியும் கையெழுத்துப் போட வெச்சிருப்பேன், ட்ரெவர். ரெண்டாந்தடவையும் உன்னக் கெடுத்திருப்பேன். எல்லாம் என்னாலதான்."

"அட, விடு கண்ணு. முதல் காகிதத்துக்கே ஒரு மணி நேரம் கத்தினியே. அதுக்குப் பயந்துதான் ஆபீஸ் காகிதம் எதையும் வீட்டுக்குக் கொண்டு வர்றதில்ல."

என் கத்தலை நினைத்து எனக்கே சிரிப்புதான் வந்தது. அவனும் சிரித்தான்.

"ராஜினாமாக் கடுதாசி எழுதணுமே," என்றான். "என்ன எழுதறது? நீ சொல்லேன்."

"ஐயோ, நான் வாயத் தொறக்கல. நீயே எழுது."

சாயங்காலம் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அவனே எழுதினான், அவனே கையெழுத்துப் போட்டான். நான் பக்கத்தில் நின்று கேட்டதெல்லாம், டீ வேண்டுமா என்று மட்டும்தான்.