பள்ளிவாசல் மணல்

நோன்பு திறந்து, கஞ்சியின் முதல் வாய் உள்ளே போனதும் பள்ளிவாசல் முற்றம் அப்படியே அடங்கியது. கோப்பையைக் கீழே வைத்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"முத்தலிபு காக்கா, கஞ்சி காச்சினீங்களா, கருவாடு அவிச்சீங்களா?"

சிரிப்பு எழுந்தது. கஞ்சிக் கிடாரத்தின் பக்கத்தில் அகப்பையோடு நின்ற முத்தலிபுவுக்குச் சிரிப்பு வரவில்லை. நோன்பு மாதம் வந்தால் ஊருக்குக் கஞ்சி காய்ச்சுவது அவர்தான். நுனிநாக்கில் வைத்துத் துப்பினால் நோன்பு முறியாது என்று மௌலவி பல தடவை சொல்லியும் அவர் உருசி பார்க்க மாட்டார். உப்பை அவருடைய கை அளக்கும். அந்தக் கை இதுவரை பிழைத்ததில்லை.

"போட்டது வழமையான உப்புத்தான்" என்றார். "அல்லாஹ் மேல ஆணை."

"அப்ப கை வீங்கிட்டு போல காக்கா."

வாசலில், வீட்டுக்குக் கஞ்சி வாங்க வந்த பெண்களோடு பஸீனா நின்றாள். ஊரின் குடிநீர்ச் சங்கத்து பம்பை இயக்குபவள் அவள். ஆற்றங்கரைப் பம்பு வீட்டின் சாவி எப்போதும் அவளுடைய இடுப்பில் இருக்கும். அவள் கஞ்சியைத் தொடவில்லை. சுவரோரக் குழாயைத் திறந்து ஒரு கை நீரை ஏந்தி வாயில் விட்டாள்.

"காக்காட கையில பிழையில்ல" என்றாள். "தண்ணி உப்பு."

சிரித்தவர்கள் எழுந்து குழாயடிக்கு வந்தார்கள்.

பம்பைப் போடும்போது முதலில் வரும் நீரில் ஒரு வாய் குடித்துப் பார்ப்பது பஸீனாவின் பழக்கம். நோன்பு தொடங்கியதிலிருந்து அது நின்றுபோயிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்த பிறகு பம்பைப் போட்டு ஊர்த் தண்ணீர்த் தாங்கியை நிரப்பினாள். வாயில் வைத்துப் பார்க்கவில்லை. ஊரிலும் ஒருவர் பார்க்கவில்லை. பகல் முழுக்க எல்லோருக்கும் நோன்பு.

பஸீனாவும் ஊராரும் சின்னாற்றுக்குப் போனபோது வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. கோடையில் அந்த ஆறு மெலிந்துவிடும். கடலோடு சேர்ந்த களப்பின் உப்பு நீர் கடலேற்றத்தோடு மேலே வந்து குடிநீரைக் கெடுக்கும். அதைத் தடுக்க வருடாவருடம் ஊரார் ஆற்றின் குறுக்கே தென்னங்குற்றி நட்டு, கிடுகு செருகி, மண் நிரப்பி ஓர் அணை போடுவார்கள். அதற்குப் பெயர் மறிப்பு. மாரி மழை தொடங்கினால் தாங்களே வெட்டிவிடுவார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் வேலைக்கு வர வேண்டும் என்பது ஊர் வழக்கம். எந்த அலுவலகத்துக் கோப்பிலும் இந்த மறிப்பு கிடையாது.

பம்பு வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாத ஆற்று வளைவுக்கு அப்பால், மறிப்பின் நடுவில் ஒரு வள்ளம் தாராளமாகப் போகும் அகலத்துக்கு வாய் பிளந்திருந்தது. பிடுங்கிய குற்றிகள் கரையில் கிடந்தன. களப்பு நீர் அவசரமே இல்லாமல் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது.

மறிப்புக்கு மேலே, ஆற்றின் உட்பக்கத்தில், சில மணல் வள்ளங்கள் கட்டப்பட்டிருந்தன. யுத்தம் முடிந்து மூன்று வருடம். தெருவுக்கும் ஹோட்டலுக்கும் மணல் வேண்டியிருந்தது. மேலாற்றில் மணல் அள்ள ஒரு முதலாளி அனுமதி எடுத்திருந்தார். வள்ளங்களால் மறிப்பைத் தாண்ட முடியாது. ஆட்கள் மணலைத் தலையில் சுமந்து அப்பால் நின்ற டிப்பருக்குக் கொண்டுபோவார்கள். அந்தக் கூலி முதலாளிக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

"மண் வெட்டுற பெகோ மெசின் கொண்டுவந்து வெட்டினவங்க" என்றான் வள்ளத்திலிருந்த பஸ்தியான். கற்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்க மீனவன், மீன் குறைந்தபின் மணலுக்கு வந்தவன். "ஜும்ஆ நேரம். ஊரே பள்ளியில எண்டு தெரிஞ்சுதான் வந்தவங்க. கூலிக்காரன் நான் வேணாமெண்டு சொன்னா கேப்பாங்களா?"

மறுநாள் காலை பள்ளிவாசல் வாசலில் ஊர் கூடியது. நம்பிக்கையாளர் சபைத் தலைவர் நெய்னார் ஹாஜியார் கதிரையில் இருந்தார். தென்னந்தோட்டக்காரர். அவருடைய வாப்பா காலத்திலிருந்தே பள்ளிவாசல் பொறுப்பு அந்தக் குடும்பத்தில் இருக்கிறது.

"திங்கக்கிழமை பிரதேச செயலகத்துக்குப் போவம். முறைப்பாடு குடுப்பம்" என்றார்.

"திங்கக்கிழமை வரைக்கும் கடல் நோன்பு பிடிக்குமா ஹாஜியார்?" என்றாள் பஸீனா. "ஒரு நாளைக்கு ரெண்டு தடவ ஏறுது. இப்ப ஆத்துல மட்டும்தான் உப்பு. கிணறுகளுக்குள்ள இறங்கினா மழைக்கும் போகாது."

"என்ன செய்யச் சொல்றாய்? குற்றி இரிக்கி. மண்ணுக்கு எங்க போற? கரைய வெட்டினா கரை சரியும்."

பஸீனா வாசலுக்கு உள்ளே கை நீட்டினாள். பள்ளிவாசலின் புதிய கட்டடத்துக்கென்று முற்றத்தின் மூலையில் ஒரு மணல் மேடு கிடந்தது. நோன்பு தொடங்குமுன் முதலாளி டிப்பரில் கொட்டிய அன்பளிப்பு அது. ஒலிபெருக்கியில் அவருடைய பெயரைச் சொன்னார்கள், படமும் எடுத்தார்கள். ஹாஜியாரே கையேந்தி துஆ ஓதினார்.

"அது வக்பு" என்றார் ஹாஜியார். "பள்ளிக்கு வந்த சாமான வேற வேலைக்கு எடுக்க ஏலா. நான் மறுமையில பதில் சொல்லோணும்."

"பள்ளியில ஒழு எடுக்கிற ஹவுழுக்கு எங்கருந்து தண்ணி வருது?"

"ஆத்துலருந்து."

"அப்ப பள்ளி மண் பள்ளித் தண்ணியத்தான் காக்கப் போகுது. அதே ஆத்துலருந்து அள்ளின மண். திரும்பிப் போகட்டும்."

"இது எங்கட ஊருப் பிரச்சின, தங்கச்சி" என்று குறுக்கே வந்தார் பழைய ஊர்க்காரர் ஒருவர். "நாளைக்கு நீங்க மன்னாருக்குப் போயிருவீங்க. நாங்கதான் போலீசோட கிடக்கோணும்."

பஸீனா அவரைப் பார்த்தாள். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் விரட்டியபோது, அவளுடைய உம்மா மன்னார் எருக்கலம்பிட்டி வீட்டுக் கிணற்றுக்குப் பலகை போட்டு மூடினாள், திரும்பி வரும்வரை குப்பை விழாமல் இருக்கட்டும் என்று. பஸீனாவுக்கு அப்போது பத்து வயது. அந்தப் பலகையின் மேல் கல்லை வைத்தது அவள்தான்.

"ஒரு கிணத்த விட்டுட்டு வந்த ஆக்கள் நாங்க" என்றாள். "விடுறது எப்படியெண்டு எங்களுக்குத் தெரியும். அதனாலதான் சொல்றன், இத விட ஏலா. நீங்க வராட்டி நாங்க போறம்."

ஹாஜியார் எழுந்து போய் மணல் மேட்டில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"எடுங்க" என்றார் கடைசியில். "ஆனா மண் நிரப்புற ஒவ்வொரு உரப்பையிலும் கேற்றுக்கு அடிச்ச பச்சைப் பெயின்ட்டால பள்ளி எண்டு எழுதோணும். எழுதாம ஒண்டும் வெளிய போகக் கூடாது."

"ஹாஜியார் மண்ணுக்கும் முத்திர குத்துறார்" என்று யாரோ முணுமுணுத்தார். பஸீனாவுக்கும் எரிச்சலாக இருந்தது. ஆனாலும் தூரிகையை எடுத்தாள்.

கடல் வற்றும் நேரம் பார்த்து வேலை தொடங்கியது. வழக்கப்படி வீட்டுக்கு ஓர் ஆள் என்றால் ஆறு பொறுக்காது. அன்று வீட்டில் யாரும் தங்கவில்லை. பழைய ஊரும் மன்னாரிலிருந்து வந்தவர்களின் குடியேற்றமும் ஒரே வரிசையில் நின்று பைகளைக் கை மாற்றின. வெயில் நேராகத் தலையில் இறங்கியது. ஒருவர் வாயிலும் நீர் படவில்லை. அஸர் தொழுகைக்குள் மறிப்பின் வாய் அடைபட்டது.

அப்போதுதான் ஜீப் வந்தது. முதலாளியும், ஒரு சார்ஜன்டும், இரண்டு பொலிஸ்காரரும். பின்னால் பெகோ.

"எனக்கு அனுமதி இருக்கு" என்றார் முதலாளி. "என்ட வள்ளமெல்லாம் உள்ளுக்கு மாட்டிக் கிடக்கு. இந்தக் கட்டுக்கு யார் அனுமதி தந்தது?"

சார்ஜன்ட் மறிப்பின் மேல் ஏறி வந்தார். யார் பொறுப்பு என்று சிங்களத்தில் கேட்டார். பஸீனா சிங்களத்திலேயே, பம்புக்குப் பொறுப்பு நான், என்றாள். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"மன்னார் பதிவு. உனக்கு இங்கே என்ன முறைப்பாடு?"

"பதிவு மன்னாரில இருக்கு சேர்" என்றாள். "தாகம் இங்கதான் எடுக்குது."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். சார்ஜன்டின் முகம் கறுத்தது. அனுமதி பெற்ற தொழிலை மறிப்பது குற்றம், அணையை நீங்களே அகற்றாவிட்டால் பெகோ அகற்றும், என்றார். பெகோவின் இயந்திரம் உறுமத் தொடங்கியது. பஸீனா ஓர் உரப்பையின் மேல் போய் உட்கார்ந்தாள். அடுத்ததில் பக்கத்து வீட்டுப் பளீலா மாமி உட்கார்ந்தாள், அதற்கடுத்ததில் இன்னொருத்தி. மறிப்பின் நீளத்துக்கும் முக்காடுகள் நிறைந்தன.

வேட்டியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு நெய்னார் ஹாஜியார் மெல்ல மெல்ல நடந்து வந்தார். சேற்றில் ஒரு செருப்பை விட்டிருந்தார்.

"வெட்டுங்க சேர்" என்றார். "பள்ளிவாசல் சொத்த வெட்டினதா எழுதித் தந்துட்டு வெட்டுங்க."

எது பள்ளிவாசல் சொத்து என்று சார்ஜன்டுக்கு விளங்கவில்லை. ஹாஜியார் குனிந்து உரப்பையைத் தட்டினார். பச்சை எழுத்து இன்னும் காயவில்லை. விரலில் ஒட்டியது. "இந்தக் கட்டு நேத்து வரைக்கும் யாருக்கும் சொந்தமில்ல. அதனாலதான் வெட்டினாங்க, நாங்களும் யார்ட்ட போய்ச் சொல்ற எண்டு முழிச்சம். இண்டைக்கு இது பள்ளிட வக்பு. மண் தந்தவரும் இங்கதான் நிக்கிறார். கேளுங்க."

"அது பள்ளி கட்டத் தந்த மண்" என்றார் முதலாளி.

"பள்ளிக்குத் தந்தீங்க. மைக்கில சொல்லித் தந்தீங்க. எங்க போடணுமெண்டு பள்ளி முடிவெடுக்கும். போட்டோ இரிக்கி. கொண்டு வரச் சொல்லவா?"

சார்ஜன்ட் முதலாளியின் பக்கம் திரும்பி, கொடுத்தீர்களா என்று கேட்டார். "குடுத்தன்தான்" என்றார் முதலாளி ஆற்றைப் பார்த்தபடி. சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் விவகாரம் எதற்கும் தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்றார். முறைப்பாடு இருந்தால் திங்கட்கிழமை பிரதேச செயலகத்தில் கொடுங்கள் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார். பெகோ சிறிது நேரம் உறுமிவிட்டு அடங்கியது.

அன்று கஞ்சியை ஆற்றங்கரையில் காய்ச்சினார்கள். பக்கத்து ஊரான கனமூலையில் ஒரு கடைக்காரர் தன் கிணற்று நீரைக் கான்களில் அனுப்பியிருந்தார். முத்தலிபு உப்புப் பாத்திரத்தின் முன்னால் நின்றார். கை போகவில்லை. நேற்றைய சிரிப்பு அவருக்கு இன்னும் காதில் இருந்தது. மறிப்புக்கு மேலே மாட்டிக்கொண்ட வள்ளத்தில் பஸ்தியான் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, உனக்கு நோன்பில்லத்தானே. இஞ்ச வா. உருசி பாத்துச் சொல்லு."

பஸ்தியான் பீடியை அணைத்துவிட்டு வந்தான். அகப்பையை இரண்டு கையாலும் வாங்கி ஊதிக் குடித்தான். கண்ணை மூடி யோசித்தான்.

"உப்புக் காணாது."

முத்தலிபு ஒரு பிடி போட்டார்.

"இன்னும் கொஞ்சம் போடலாம் காக்கா."

"உண்மையாத்தானே? உன்ட முதலாளி சொல்லி அனுப்பல்லயே?"

"அவர் கூலியே அனுப்பல்ல" என்றான் பஸ்தியான்.

பாங்கு சொன்னதும் பஸீனா பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டு, மறிப்புக்கு மேலே ஆற்றில் இறங்கி ஒரு வாய் நீர் எடுத்தாள். இன்னும் உப்பு. துப்பினாள். உள்ளே ஏறிய நீர் ஒரே நாளில் இறங்காது. தாங்கியைக் கழுவ வேண்டும். அதுவரை பம்பு வீட்டுக்குப் பூட்டுத்தான். கரைக்கு ஏறி வந்து ஹாஜியாருக்கு முன்னால் நின்றாள்.

"வாற வெள்ளி நீங்க எல்லாரும் ஜும்ஆவுக்குப் போங்க. மறிப்புல நாங்க இருப்பம். பொம்பிளைகளுக்கு ஜும்ஆ கடமையில்லத்தானே."

ஹாஜியார் கஞ்சியை ஊதிக்கொண்டே தலையாட்டினார். "முற்றத்துல இன்னும் பாதி மண் கிடக்கு" என்றார்.

"அதுக்கும் பச்ச அடிச்சு வைங்க ஹாஜியார்."