துரையின் கடிகாரம், இலக்கம் 714306

பேரம் பேசாமல் வினோதா எதையும் வாங்கியதில்லை. பொகவந்தலாவைக் கடைவீதியில் ஒரு கீரைக்கட்டுக்கே ஐந்து நிமிடம் நின்று வாதாடுகிற கணக்கு டீச்சர் அவள். அப்படிப்பட்டவள் ஒரு பழைய கைக்கடிகாரத்துக்கு எண்பத்தையாயிரம் ரூபாயை, கேட்ட விலைக்கே, சத்தமில்லாமல் எடுத்துவைத்தாள்.

"டீச்சர், அந்தப் பையன் வெளிநாடு போற அவசரத்துல நிக்கிறான். அறுவதுக்கே தந்துருவான்," என்றாள் நதா. அதே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். அவளுடைய வாப்பா சரிபுதீன் ஹட்டனில் கடிகாரக் கடை வைத்திருக்கிறார்.

"வேணாம் நதா. நியாயமான வெல என்னவோ அதையே குடுப்போம். நாளைக்கு நான் ஏமாத்தி வாங்குனேன்னு ஒருத்தனும் சொல்லக் கூடாது."

எல்லாம் நதாவின் போனில்தான் தொடங்கியது. வாப்பாவின் கடைக்காகப் பழைய கடிகாரங்களை இணையத்தில் தேடுவது அவள் வழக்கம். மூன்று வாரத்துக்கு முன் பள்ளி இடைவேளையில், "நம்ம பக்கத்து ஆளே ஒருத்தர் விக்கிறார்," என்று காட்டினாள். விற்பவன் பெயர் ஜனகன். சாமான் அசல்தான் என்று காட்டப் பின்மூடியைக் கழற்றி, உள்ளே வெட்டியிருந்த இலக்கத்தைப் பளிச்சென்று படம் எடுத்துப் போட்டிருந்தான். 714306.

வினோதா போனைக் கையில் வாங்கிப் பார்த்தாள். மற்றப் பிள்ளைகள் வாய்ப்பாடு மனப்பாடம் செய்த வயதில் அவள் மனப்பாடம் செய்த இலக்கம் அது.

அவளுடைய அப்பா பொன்னையா தேயிலைத் தோட்டத்து நிர்வாகியான துரையின் பங்களாவில் வேலை பார்த்தவர். 1998 ஜூனில் துரையின் சுவிஸ் கடிகாரம் காணாமல் போனது. பொன்னையா அதை எடுத்துப்போனதைத் தன் இரு கண்ணாலும் கண்டதாகத் தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் ஆண்டியப்பன் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எதிலும் கறாரான துரை, கடிகாரத்தின் இலக்கத்தையும் அதில் சேர்க்கச் சொன்னார். காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கொடுக்க வந்த அத்தனை சனத்துக்கும் முன்னால் அதை வாசித்து, ஒரு பிரதியையும் கையில் திணித்து, பொன்னையாவைப் பங்களாவிலிருந்து விரட்டினார்கள்.

அன்று பின்னேரமே பொன்னையா மாரியம்மன் கோயிலில் சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, தான் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்தார். அதற்கு மேல் ஒரு மனிதன் என்னதான் செய்ய முடியும்? ஆனால் மூன்றாம் மாதம் அம்மா தனலெட்சுமி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். செத்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஆண்டியப்பன் சொன்னார்: "பொய்ச் சத்தியம் சும்மா விடுமா? பொண்டாட்டியக் கொண்டுபோயிருச்சு பாத்தீங்களா."

தோட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. கடிகாரத்தைக்கூட மறந்துவிட்டார்கள், இந்தப் பேச்சை மறக்கவில்லை. பொன்னையா அதன் பிறகு கோயில் படி ஏறவில்லை. எட்டு வயது வினோதா அப்பாவின் தகரப் பெட்டியிலிருந்த அந்தக் கடதாசியை எழுத்துக்கூட்டி வாசித்தாள். வளர்ந்த பிறகும் வருடத்துக்கு ஒரு தடவை எடுத்து வாசித்தாள். கோபம் ஆறிப்போய்விடக் கூடாதல்லவா?

ஜனகன் யாருடைய மகன் என்று இனிச் சொல்லவும் வேண்டுமா!

திருடியவருக்கும் அந்தக் கடிகாரம் உதவவில்லை. தோட்டத்தில் கட்டினால் ஊர் பார்த்துவிடும். இருபத்தாறு வருடம் அலுமாரிக்குள் கிடந்தது. துரை ஆஸ்திரேலியாவுக்குப் போய் அங்கேயே கண்ணை மூடிவிட்டார். இனி யார் கேட்கப்போகிறார்கள் என்று மகனிடம் எடுத்துக் கொடுத்துவிட்டார் ஆண்டியப்பன்.

வாங்குகிறவள் நதா என்றுதான் ஜனகனுக்குத் தெரியும். வினோதா சொல்லிக்கொடுத்தபடி நதா ஒன்றே ஒன்று கேட்டாள். "பழைய கடிகாரத்துக்கு அது எப்படிக் கைக்கு வந்துச்சுங்கிற கதையும் வேணும். உங்கப்பா கையாலயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. வெலையில ஒரு சதம் கொறைக்க மாட்டேன்."

ஆண்டியப்பன் கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஆனால் நாற்பது வருடம் எழுதி எழுதியே ஆட்சி செய்த மனிதர் அவர். லயத்து வீடுகளில் இருக்கிற தொழிலாளிச் சனத்திடம் கடதாசி தங்காது, ஒன்று மழையில் நனையும், இல்லாவிட்டால் அடுப்புக்குப் போகும் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. அந்த மிதப்பில் அவர் பேனாவைத் திறந்தார்.

சனிக்கிழமை ஜனகன் ஹட்டன் கடைக்குக் கடிகாரத்தையும் அப்பாவின் கடிதத்தையும் கொண்டுவந்தான். வினோதா திரைக்குப் பின்னால், பழுதுபார்க்கிற அறையில் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தாள். சரிபுதீன் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு கால் மணிநேரம் பார்த்தார். "டயலுக்கு மறுபடி பெயின்ட் அடிக்கல்ல. முள்ளு, மெஷின் எல்லாம் அசல். கேட்ட வெல சரிதான் மகள்," என்றார்.

ஜனகன் காசை வாங்கிக்கொண்டு போனதும் வினோதா கடிதத்தைப் பிரித்தாள். 'இலக்கம் 714306 கொண்ட இக்கடிகாரத்தை 1994ஆம் ஆண்டு துரை அவர்களிடம் விலை கொடுத்து வாங்கினேன். அன்றிலிருந்து இது என் வசமே உள்ளது.' கீழே வால் நீட்டிய அதே கையெழுத்து. அவள் சிரித்தாள். நதாவுக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நாள். தோட்டத்துச் சனம் முழுக்கக் கோயிலில் நின்றது. வினோதா அப்பாவைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தாள். வழக்கம்போல் அவர் படிக்குக் கீழேயே நின்றுவிட்டார்.

"நீங்க இங்கயே நில்லுங்கப்பா. ஏற வேண்டிய நேரத்துல கூப்பிடுறேன்."

கோயில் தலைவர் ஆண்டியப்பன்தான். காப்புக் கட்டுவதற்கு முன் தலைவர் மூன்று தடவை சபையைக் கேட்க வேண்டும் என்பது அந்தக் கோயிலின் முறை. "யாருக்காவது யார் மேலயாவது கொறை இருந்தா இப்பவே சொல்லிருங்க. காப்புக் கட்டுன பொறகு பேசக் கூடாது." யாரும் எதுவும் சொல்வதில்லை. சடங்குக்குக் கேட்பது, சடங்குக்கு மௌனம். மூன்றாம் தடவை கேட்டுவிட்டு அவர் மஞ்சள் கயிற்றை எடுக்கக் குனிந்தார்.

"எனக்கு இருக்குங்க," என்றாள் வினோதா.

கடிகாரத்தை அம்மன் முன்னால் தட்டில் வைத்தாள். 1998ஆம் ஆண்டுக் கடதாசியை வாசித்தாள். புதுக் கடதாசியை வாசித்தாள். பின்வரிசைப் பிள்ளைக்கும் விளங்க வேண்டும் என்று வகுப்பில் செய்வது போல, இரண்டையும் நிறுத்தி நிதானமாக மறுபடி வாசித்தாள்.

"பொய்! இந்தப் புள்ள எங்கயோ போய் ஏதோ..." என்று கத்தினார் ஆண்டியப்பன்.

"ஒங்க மகன் வித்தது கிளாக்கரய்யா. கேட்ட வெல குடுத்து வாங்குனேன். அவரையே கேட்டுப் பாருங்க."

ஜனகன் தரையைப் பார்த்தபடி, "நீங்கதானேப்பா எழுதித் தந்தீங்க," என்றான்.

வினோதா சூடத்தை ஏற்றினாள். "எங்கப்பா எடுத்ததக் கண்டேன்னு எழுதுனீங்கல்ல. அத இந்தச் சூடத்த அணைச்சுச் சொல்லுங்க. நான் கடிகாரத்த இங்கயே விட்டுட்டுப் போயிர்றேன்."

சூடம் எரிந்து முடிந்தது. அவள் இன்னொன்றை ஏற்றினாள். "பாக்கெட் முழுசா வாங்கிட்டு வந்திருக்கேங்க. அவசரமில்ல."

அதுவும் எரிந்து முடிந்தது. மூன்றாவதை ஏற்றியபோது, சபைக்கு முன்னால் மானம் போகிற ஆத்திரத்தில் அவர் சூடத்தை அணைக்கக் கையை ஓங்கினார். பெண்கள் கூட்டத்திலிருந்து அவருடைய மனைவி அலறிக்கொண்டு ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

"கைய வச்சிராதீங்க! என்னயக் கொன்னுராதீங்க! தனலெட்சுமி போன மாதிரி என்னயும் அனுப்பிராதீங்க!"

அவர் விதைத்த பேச்சு அவர் வீட்டிலேயே முளைத்து நின்றது. ஆண்டியப்பனின் கை மெல்லக் கீழே இறங்கியது.

"பொன்னையா எடுக்கல," என்றார். "நாந்தான்."

"அப்பா, மேல வாங்க," என்று கூப்பிட்டாள் வினோதா.

பொன்னையா படியேறினார். சனம் விலகி வழிவிட்டது. ஆண்டியப்பன் கையெடுத்துக் கும்பிட்டு, "மன்னிச்சிரு பொன்னையா," என்றார். வினோதா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பா இளகிய மனசுக்காரர். பரவாயில்லைங்க என்று சொல்லிவிடுவார். இருபத்தாறு வருடமும் ஒரே வார்த்தையில் வீணாகிவிடும்.

பொன்னையா கடிகாரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆண்டியப்பனுக்கு நேரே போய் நின்றார்.

"அவ எதனால செத்தான்னு சொல்லுங்க. அவ பேரையும் சேத்து சொல்லுங்க. செத்த வீட்டுல சொன்னீங்களே, அதே சத்தத்துல."

தட்டில் சூடம் அணையப்போனது. வினோதா பாக்கெட்டிலிருந்து இன்னொன்றை எடுத்து ஏற்றினாள்.