பதினான்காவது தாள்

கிள்ளானில் ஒரு டியூஷன் நிலையத்தின் மாடியில் சிந்து தன் முனைவர் பட்டத்திற்கான கள ஆய்வை நடத்தினாள். பதினாறு, பதினேழு வயதினரின் காதல், உடலுறவு அனுபவங்கள் அவர்களுடைய மனநலத்தையும் நட்பையும் எவ்வாறு பாதிக்கின்றன என்பதே ஆய்வின் பொருள். பெற்றோர் ஒப்புதல் அளித்திருந்தனர். தாளில் பெயர் எழுதக் கூடாது. யார் என்ன எழுதினார் என்பதை எவரும் அறியார். அந்த உறுதிமொழியை மாணவியருக்கு உரக்க வாசித்தவள் நானே. தமிழ்ப்பள்ளியில் முப்பத்தாறு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற என்னை, மேற்பார்வைக்காகச் சிந்து அழைத்திருந்தாள்.

வந்தவர்கள் முப்பத்தொருவர். பதிவேட்டு வரிசைப்படி அமர்த்தினேன். தாள்களையும் அதே வரிசையில் திரட்டி, விளிம்பு சமமாகத் தட்டி அடுக்கினேன். அதில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பிள்ளைகள் கீழே இறங்கினர். சிந்துவும் சாப்பாடு வாங்கச் சென்றாள். மகள் உஷாராணியை அழைத்துப்போக வந்த ரமணி மட்டும் மேலே ஏறி வந்தாள்.

"டீச்சர், ஒரு ஹெல்ப் லா. மவளோட தாள மட்டும் பாத்துட்டுக் குடுத்துடறேன்."

"யார் தாள் எதுன்னு தெரியாதும்மா. பேரே இல்ல."

"வெளையாடறீங்களா? உங்ககிட்டதானே நானும் படிச்சேன். நீங்க வரிசை மாத்தி அடுக்குனா கிள்ளான் ஆறே திரும்பி ஓடும். பதிவேட்டுல அவ பதினாலு. மேலேர்ந்து எண்ணுனா முடிஞ்சிது."

அவள் சொன்னது சரி. நான் வாசித்த உறுதிமொழியை நானே பொய்யாக்கியிருந்தேன்.

"ரெண்டு மாசமா சரியா சாப்புடல டீச்சர். ஃபோன கையில வச்சிக்கிட்டு அழுவுறா. கேட்டா 'ஒன்னும் இல்லம்மா'ங்கிறா. நான் அடிக்கல்லாம் மாட்டேன். தெரிஞ்சா போதும்."

அது பொய் சொல்லும் முகம் அல்ல. ஆயினும் தாள் அடுக்கை எடுத்து மூன்றாகப் பிரித்தேன். சீட்டைக் கலைப்பதுபோல் கலைத்தேன். கை பழகாததால் சில தாள்கள் தரையில் விழுந்தன. அவற்றையும் பொறுக்கி, கண்ட இடத்தில் செருகினேன்.

ரமணி தடுக்கவில்லை.

"அப்ப எனக்கு யாரு டீச்சர் சொல்லுவா?"

"அவதான் சொல்லணும்."

"சொன்னா நான் ஏன் படி ஏறி வரேன்?"

அவள் இறங்கிப் போனாள். திரும்பி வந்த சிந்துவிடம் ரமணி கேட்டதையும் என் பிழையையும் தெரிவித்தேன். மறுவாரம் முதல் பிள்ளைகளே தாளைப் பெட்டியில் போடும் ஏற்பாடு செய்யப்பட்டது.

பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள தன் அறையில் சிந்து விடைகளைக் கணினியில் பதிந்தாள்; நானும் உடன் இருந்தேன். மனம் நொந்தால் யாரிடம் பேசுவாய் என்ற கேள்விக்கு, அந்த முப்பத்தொன்றில் நான்கு தாள்கள் 'யாருமில்லை' என்றன.

"இதுல ஒன்னு உஷாராணியோடதா இருக்குமா டீச்சர்?"

"இனிமே கண்டுபிடிக்க முடியாது."

நால்வரைப் பிரித்தறிய வழியில்லாததால், முப்பத்தொருவரையும் மனநல ஆலோசகர் ஒருவர் தனித்தனியே சந்திப்பதென்று முடிவாயிற்று. உஷாராணிக்கு வியாழக்கிழமை ஒதுக்கப்பட்டது. அன்று அவள் என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை.